வேண்டாத சீட்டுகள்

தம்பி,

போன ஞாயிறு நீ சாப்பாட்டுக் கோப்பையில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனாய் அல்லவா, அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு மரியாதை இல்லை. அம்மா தேநீரைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிற சத்தத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிடுகிறது. உனக்கென்று வைத்த மீன் குழம்பை நான் ஒருவனே இருந்து சாப்பிட்டு முடித்தேன். அதுவும் எனக்கு விதித்த தண்டனைதான். பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து உன் அறைக்குப் போய்ச்சேர ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எத்தனை பஸ் மாறவேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? கொஞ்சம் பொறுத்திருந்தால் நானே காரில் கொண்டுபோய் விட்டிருப்பேன், வழிநெடுகக் கத்திக்கொண்டு என்றாலும். போனில் சொன்னால் மறுபடியும் குரல் உயர்ந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் கத்துவது கஷ்டம்.

நீ கேட்டது பெரிய விஷயமாக உனக்குத் தெரிந்திருக்காது. சண்டையில் கால் இழந்த சனத்துக்கு நடக்கப் பழக்குகிற ஒரு இல்லம், வவுனியாவுக்குப் பக்கத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்துவது, இரண்டு வருடம். இங்கே ஆஸ்பத்திரியில் நீ செய்கிற அதே வேலைதான், அங்கே அதைச் செய்ய ஆள் இல்லை என்றாய். "நீங்கள் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாத்தான் அப்பா நான் டிக்கெட் எடுப்பன்" என்று கையில் சோற்றை வைத்துக்கொண்டு கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "அதுக்குள்ளயிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது திருப்பிக் கொண்டுபோய் விடுறதுக்கில்லை" என்று பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குக் கத்தினேன். அந்த நாய் யாருக்கும் குரைக்காத நாய். ஆனால் தம்பி, அன்று நான் கத்தியதற்கு நீ மட்டும் காரணமில்லை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மேய் போனில் கூப்பிட்டிருந்தா. செயின்ட்-மிஷேலில் நாங்கள் இருந்த வீட்டுக்குக் கீழே டெப்பனர் கடை வைத்திருந்தாவே, அதே மேய். அவ சொன்ன செய்தியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் நான் ஞாயிற்றுக்கிழமை உனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லவேண்டுமென்றால் வென் ஐயாவிலிருந்து தொடங்கவேண்டும். உனக்குத் தெரிந்த பகுதியும் வரும், பொறுமையாக வாசி.

வென் ஐயாவை உனக்குச் சைக்கிள்காரக் கிழவனாகத்தான் முதலில் தெரியும். நீ கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பின் சந்தில் உன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். மேயின் சித்தப்பாவான அவர், சீனாவிலிருந்து கண் சத்திரசிகிச்சைக்கு வந்தவர், ஒரு கண்ணில் கட்டோடு வந்து குந்தி, ஒன்றும் பேசாமல் கழற்றிப் பூட்டித் தந்துவிட்டுப் போனார். அவருக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்தது. சின்ன வயதில் கியூபெக்கிலிருந்து போன மிஷனரிமார் படிப்பித்த பிரெஞ்சு. இங்கே எவரும் இப்போது பேசாத அந்தக்காலத்து வார்த்தைகளெல்லாம் வரும். டெப்பனரில் பியர் வாங்க வருகிற பெடியளைக்கூட அவர் அத்தனை மரியாதையாக விளிக்க, அவன்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் காசு கொடுப்பான்கள். எனக்கோ அகதியாக வந்த புதிதில் வகுப்பில் படித்த பிரெஞ்சு. அவர் பேசியதையெல்லாம் நான் இங்கே எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன், மனதில் அப்படித்தான் நிற்கிறது.

அவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்ட அந்த ஞாயிறு காலையை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீயும் அம்மாவும் மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் போய்விட்டீர்கள். நான் பதினொரு மணிப் பூசைக்குப் போவதாகச் சொல்லி வீட்டில் நின்றேன். அப்படிச் சொல்கிற ஞாயிறுகளில் நான் எந்தப் பூசைக்கும் போவதில்லை என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். பால் வாங்கக் கீழே இறங்கினேன். கடையில் ஆளில்லை. பின்னறையில் முணுமுணுப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால், பியர்ப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மேசை, சுற்றிவரச் சீன ஆட்கள், எல்லாரும் வயதானவர்கள், எல்லார் கையிலும் சீட்டு. வென் ஐயாவுக்கு முன்னால் ஒரு தேநீர்க் கோப்பை. எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. அந்த வருடம்தான் எங்களோடு விளையாடிய இரண்டு பேரும் டொராண்டோவுக்குப் போய், முந்நூற்று நாலு என்கிற எங்கள் ஊர்ச் சீட்டாட்டம் விளையாடக் கை குறைந்து, நானும் என்னோடு வேலை செய்த சிவம் அண்ணையும் துறைமுகத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த காலம். நின்று பார்த்தேன். ஒருவரும் சீட்டுப் போடவில்லை. வென் ஐயா வாய்க்குள் ஏதோ சொல்கிறார், மற்றவர்கள் வாய்க்குள் ஏதோ சொல்கிறார்கள், சீட்டு கையிலேயே இருக்கிறது. இவர்களுக்கு யார் இறங்குவது என்று தெரியவில்லை, பாவங்கள், என்று நினைத்தேன். எனக்கு முன்னாலிருந்த சீனக் கிழவியின் கையில் ஜாக் இரண்டு இருக்கிறது. முந்நூற்று நாலில் ஜாக்தானே எல்லாவற்றுக்கும் பெரிது, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி சும்மா இருப்பதை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நிற்பது? அவவின் தோளுக்கு மேலால் கையை விட்டு, ஒரு ஜாக்கை உருவி, மேசையில் ஓங்கி அடித்தேன்.

கோப்பை ஆடிப்போய்விட்டது. வென் ஐயா சட்டென்று அதைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு அவர் என்னைப் பார்த்து, தன் கையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, என் ஜாக்குக்கு மேலே போட்டார். உடனே பக்கத்தில் இருந்தவர் போட்டார், அடுத்தவர் போட்டார், மளமளவென்று ஆட்டம் தொடங்கிவிட்டது. அப்படி ஒரு சுறுசுறுப்பை நான் பார்த்ததில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு நானும் இருந்து, என்ன விளையாட்டென்றே தெரியாமல் நாலைந்து சுற்று விளையாடி, எல்லாருக்கும் மெர்சி சொல்லி, பாலையும் எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். அம்மா வந்ததும் பெருமையாகச் சொன்னேன், பாவம் அந்தச் சனத்துக்கு விளையாடத் தெரியாது, இண்டைக்கு நான்தான் தொடக்கி வைச்சனான் என்று.

அன்று பின்னேரம் அவர் வெளிப்படியால் ஏறி வந்தார், கையில் சீட்டுக்கட்டோடு. நீ நூலகத்துக்குப் போயிருந்தாய். தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியிருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் கத்தோலிக்கரோ?" என்றார். ஓம் என்றேன். "இண்டைக்குப் பூசைக்குப் போனியளோ?" பதினொரு மணிப் பூசைக்குப் போனேன் என்று கூசாமல் சொன்னேன், அம்மா குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாவே. அவர் தலையை ஆட்டினார். "அதுக்கு முதலும் ஒரு பூசைக்கு வந்தனீங்கள்" என்றார். "நடுப்பூசையில வந்து சீட்டை அடிச்சனீங்கள்." குசினியில் ஏதோ விழுந்து உடைந்தது.

அவர்கள் ஊரில் அரசாங்கம் சொல்கிற கோயிலுக்குத்தான் போகலாம், அரசாங்கம் வைக்கிற குருதான் குரு. அதற்கு மறுத்தவர்கள் வீடுகளுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டுதான் பூசை கண்டார்கள். மேசையில் சீட்டைப் பரப்பிவைப்பார்கள். யாராவது கதவைத் தட்டினால், பூசைக்கான திராட்சை இரசம் இருக்கிற தேநீர்க் கோப்பையைப் பொத்திக்கொண்டு எல்லாரும் விளையாடத் தொடங்கவேண்டும். அன்று காலை என்னைக் கண்டதும் அத்தனை கிழடுகளும் அதைத்தான் செய்தன. "இஞ்ச ஆர் உங்களைப் பிடிக்கப்போகினம், ஐயா? சந்திக்குச் சந்தி கோயில் நிக்குது" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "தெரியும். ஆனால் மேசையில சீட்டு இல்லாட்டி எனக்குக் கை நடுங்குது" என்றார். சிறையிலும் முகாமிலுமாக இளமை முழுதும் போய், வெளியே வந்து, ஒரு சின்னப் பட்டணத்தில் சைக்கிள் திருத்திக்கொண்டு பூசை வைத்தவர். அதைச் சொல்லும்போது அவருக்குக் கை நடுங்கவில்லை. கதை முடிந்ததும், "உங்கட அந்த விளையாட்டைச் சொல்லித் தாங்கோ, ஜாக் பெரிசெண்டால் அது என்ன நியாயம்?" என்றார்.

பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. எங்களுக்கு நாலு கை சேர்ந்தது. நானும் சிவம் அண்ணையும் ஒரு பக்கம், அவரும் நீயும் மறுபக்கம். துரும்புச் சீட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு அவர் இருக்கும் முகத்தை நினைத்துப்பார். எத்தனை பொலிசுக்காரன் முன்னால் இருந்து விசாரித்த முகம் அது, சிவம் அண்ணை கண்ணை உருட்டினால் அசையுமா? நீங்கள் இருவரும் வென்றுகொண்டே இருந்தீர்கள். நீ பரீட்சை நேரத்திலும் சீட்டுக்கு வந்து இருந்தாய், நானும் பேசவில்லை, எனக்குக் கை குறையக்கூடாதே. அந்தக் குளிர்காலம்தான் நாங்கள் நாலு பேரும் அதிகம் சிரித்த காலம் என்று நான் இப்போதும் நினைக்கிறேன்.

அவருடைய விசா முடிய வந்தது. அவர் திரும்பிப் போகப்போவதாக மேய் அழுதுகொண்டு சொன்னா. நான் சிரித்தேன். பாதிச் செயின்ட்-மிஷேலுக்கு அகதி கேஸ் சொல்லிக்கொடுத்தவன் நான். நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்லத் தெரியாமல் எத்தனை பேர் விசாரணையில் வாயடைத்து நின்றார்கள், அவர்களையெல்லாம் இருத்திவைத்துப் பழக்கி எடுத்தவன். இந்த மனிதரிடம் இருப்பதோ மொன்றியலிலேயே திறமான கேஸ். இப்படிப்பட்ட கேஸை ஒருவன் வீணாக்குவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. வாங்கோ ஐயா, ஒரு ஆளைச் சந்திக்கப் போவம் என்று மெட்ரோவில் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் வழக்கறிஞர் என்று பிரெஞ்சில் பெரிதாகப் போட்டிருந்தது. கண் சிகிச்சைக்குப் பிறகு அவருக்குத்தான் நன்றாகத் தெரியுமே. வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கதவை எனக்குத் திறந்து பிடித்தார்.

வழக்கறிஞர் அம்மா நல்ல மனுசி. பெயர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, "தொழில்?" என்றா. "சைக்கிள் திருத்திறது." அதற்குமுன் என்று நான் எடுத்துக்கொடுத்தேன், குருவானவர் என்று சொல்லுவார் என்று. அவர் என்னைப் பார்த்து, பொய் சொல்ல முடியாத ஆளின் சங்கடத்தோடு, "ஆயர்" என்றார். சாதாரண குரு இல்லை, குருமாருக்கெல்லாம் மேலான பிஷப். ஒரு குசினிக்குள் ரேடியோவைச் சத்தமாக விட்டுவிட்டு அவரை ஆயராக்கினார்களாம், மோதிரம் சைக்கிள் கம்பியை வளைத்துச் செய்ததாம். சாவிக்கொத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார், சாவிகளோடு சாவியாக அது கிடந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க நான் ஆண்டகையின் முதுகில் தட்டி, "என்ன கிழவா, துரும்பைக் காட்டு" என்று சொல்லியிருக்கிறேன்.

"திரும்பிப் போகப் பயமாக இருக்கிறதா?" என்று அந்த அம்மா கேட்டா. அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது, நான் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வி. "ஓம். நல்லாப் பயமா இருக்குது" என்றார். அந்த அம்மா சந்தோஷமாக எழுதினா. "அப்படியென்றால் கனடாவின் பாதுகாப்பைக் கேட்கிறீர்களா?" "இல்லை" என்றார். பேனா நின்றது. தனக்குக் கடவுச்சீட்டை, கேட்ட கையோடு, எவ்வளவு கெதியாகத் தந்தார்கள் என்று அப்போதுதான் சொன்னார். கனடா நல்ல நாடு, அவசரப்பட்டுத் திரும்பவேண்டாம் என்று அந்த அதிகாரியே சொல்லி அனுப்பினானாம். அவர் இங்கேயே இருந்துவிடுவதுதான் அவர்களுக்கு வேண்டியது. நான் பொறுக்கமுடியாமல் இடையில் பாய்ந்தேன். "பயம் எண்டு நீங்களே சொல்லுறியள், பேந்து ஏன் போறியள்?" என் பிரெஞ்சு முழுவதும் குழம்பிப்போயிற்று, ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது. "அங்க இருக்கிற என்ர சனமும் பயந்துகொண்டுதான் இருக்குது. அவை எங்க போறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குப் பதில் தெரியாத கேள்வியை என்னிடம் கேட்பதுபோலக் கேட்டார். திரும்பும் வழியில் மெட்ரோவில் நான் அழுதேன். அவர் கைலேஞ்சியைத் தந்துவிட்டு, அடுத்த ஆட்டத்தில் யார் துரும்பு கேட்பது என்று பேசிக்கொண்டு வந்தார்.

அவர் போவதற்கு முந்திய ஆட்டத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. நீ தேநீர் எடுக்கப் போயிருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. ஆயர் என்று தெரிந்த நாள்முதல் அம்மா எங்களைச் சீட்டைத் தொட விடவில்லை. "ஆண்டகையோட சீட்டு விளையாடுறியளோ, வெக்கமில்லையோ?" என்றா. கடைசியில் அவரே புதுக் கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். சிவம் அண்ணை வழக்கம்போல இரண்டிலிருந்து ஆறுவரையான சின்னச் சீட்டுகளைப் பிரித்தார். முந்நூற்று நாலுக்கு அவை வேண்டாதவைதானே, குப்பையில் போடப் போனார். "எனக்குத் தாங்கோ" என்று ஆயர் கையை நீட்டினார். "அங்க போனால் நான் கடிதம் எழுத ஏலாது, எழுதினாலும் வாசிப்பினம். சீட்டை ஆர் பார்க்கப்போகினம்? ஒண்டு வந்தால் நான் இருக்கிறன் எண்டு நினையுங்கோ." சின்னக் கட்டாக அடுக்கி, சாவிக்கொத்து இருந்த பைக்குள் வைத்துக்கொண்டார். "கடைசிச் சீட்டை நானே கொண்டுவாறன்" என்றார். சிவம் அண்ணை, சைவக்காரன், எழும்பி நின்று கும்பிட்டார். அடுத்த நாள் நான்தான் டோர்வால் விமான நிலையத்துக்கு அவரைக் கொண்டுபோய் விட்டேன். கைப்பெட்டியைத் தரமாட்டேன் என்று வாசல்வரை தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் மெல்ல என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து அதை வாங்கினார்.

நீ ஒட்டாவாவுக்குப் படிக்கப் போன பிறகுதான் சீட்டுகள் வரத் தொடங்கின. போன புதிதில் அவரைப் பிடித்து எங்கோ கொண்டுபோய் வைத்திருந்தார்கள், ஒன்றும் வரவில்லை. அம்மா செபமாலையும் கையுமாக இருந்தா. பிறகு ஒருநாள் மேய் ஒரு தேயிலைப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தா. தேயிலைக்குள் இஸ்பேட் இரண்டு. அந்தச் சீட்டு வந்த அன்று சிவம் அண்ணை வேலைக்கு லீவு போட்டார். ஆறு மாதத்துக்கொருக்கால், வருடத்துக்கொருக்கால், யாராவது ஊரிலிருந்து வரும்போது ஒன்று வரும், சப்பாத்துக்குள்ளிருந்தும் வந்திருக்கிறது. ஊரில் காவலுக்குள் இருந்தார், ஆனால் தன் சனத்தோடு இருந்தார். வந்ததையெல்லாம் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் படம் சரிந்து தொங்குகிறது என்று நிமிர்த்திவிட்டுப் போவாய்.

அந்த வெள்ளிக்கிழமை மேய் கூப்பிட்டு, நானும் சிவம் அண்ணையும் போனபோது அவ தந்தது ஒரு கட்டு. மிச்சச் சீட்டுகள் எல்லாம் ஒன்றாக வந்துவிட்டன, தம்பி. நித்திரையிலேயே போனாராம், தன் கட்டிலில், பக்கத்தில் ஆட்கள் இருக்கத்தக்கதாக. அடக்கப் பூசைக்கு மேசையில் சீட்டைப் பரப்பிவைத்துவிட்டுத்தான் இருந்தார்களாம். வாசலில் நின்ற பொலிசுக்காரன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, விளையாடுங்கோ, விளையாடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனானாம். இதை மேய் சொல்ல, அழுதுகொண்டிருந்த நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சீட்டுகளை அடுக்கிப் பார்த்தேன். சிவப்பு இருதயம் போட்ட ஆட்டின் ஐந்து மட்டும் இல்லை. அது அவருடைய சட்டைப்பையில் இருந்ததாம், எடுக்கவேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தாராம். சிவம் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனுசன் சொன்ன சொல்லு மாறயில்லை. கொண்டுதான் வருவார்" என்றார். அந்தக் கட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நான் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தேன். நீ போகிறேன் என்றாய். எனக்கு விமான நிலைய வாசலும் அந்தக் கைப்பெட்டியும்தான் தெரிந்தன. கத்திவிட்டேன்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவரை மறித்திருந்தால் அவர் என் மேசையிலே இருந்து, சீட்டு இல்லாவிட்டால் கை நடுங்கிக்கொண்டு, நன்றாக வயதாகிச் செத்திருப்பார். அங்கே அந்தச் சனம் யாரோடு இருந்திருக்கும்? நீ அங்கே நடக்கப் பழக்கப்போகிற சனமும் எங்கும் போக இடமில்லாத சனம்தான். அதை எனக்குச் சொல்ல ஒரு ஆயர் வரவேண்டியிருந்தது, பார். நீ போனால் எனக்குப் பயமாக இருக்கும். நல்லாப் பயமாக இருக்கும். அங்கே போய் வீரம் காட்டாதே, ஆமிக்காரனோடு வாதாடாதே, உன் பிரெஞ்சு கலந்த தமிழைக் கேட்டு அவர்கள் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி. காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. அம்மா வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அங்கே உனக்குக் கொசு கடிக்குமென்று நேற்றுக் கடை கடையாக நுளம்புவலை தேடியிருக்கிறா. மொன்றியலில், நவம்பர் மாதத்தில். கடைக்காரப் பெட்டை அவவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாளாம்.

ஓம், தம்பி. டிக்கெட்டை எடு. விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுவந்து விடுவேன், பெட்டியையும் நான்தான் தூக்குவேன், வாசலில் தந்தும் விடுவேன். போன் எடுப்பதில் நீ எவ்வளவு திறம் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தோடு அவருடைய சீட்டுகளை வைத்திருக்கிறேன், கட்டாக வந்தவையும் படத்துக்குப் பின்னால் இருந்தவையும். எங்கள் விளையாட்டுக்கு இவை வேண்டாம். இடைக்கிடை ஒன்றை அனுப்பு, நான் படத்துக்குப் பின்னால் செருகுவேன். கடைசிச் சீட்டை மட்டும் தபாலில் போடாதே, நீயே கையில் கொண்டுவா. எங்களுக்கு இப்போது இரண்டு கை குறைகிறது.

அப்பா